அடுக்களைக்குள் ஒரு காமிரா

"எல்லாத்தையும் எடுத்தாச்சு அத்தை. இனி என்னத்த எடுக்கதுக்கு?"

இப்படி அலுத்துக்கொண்டவள் என் அண்ணன் மகள். பள்ளிக்கூட விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தாழக்குடியிலுள்ள பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். நானும் நாகர்கோவிலிலிருந்து இரண்டு நாள் தங்கிவரப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து படிப்புரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது, தன் செல்போனை என் மடியில் வைத்துவிட்டு அவள் சொன்ன வார்த்தை அது.

போட்டோ எடுப்பதில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. கல்யாணமாகி, குழந்தை பிறந்து, ராத்தூக்கம் கெட்ட நாட்களில்கூட அந்த ஆசை அவளை விடவில்லை. செல்போனில் ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். திருவள்ளுவர் சிலை, விவேகானந்தர் பாறை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, முட்டத்துப் பாறை. பிறகு பிள்ளைகளின் பிறந்த நாள் கேக். மறுபடியும் திருவள்ளுவர்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதையெல்லாம் வேற எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே மக்களே" என்றேன்.

"அதைத்தானே அத்தை நானும் சொல்லுகேன்!"

நம் வாசகியரில் பலருக்கும் இந்தக் குறை இருக்கும். ஒரு காலத்தில் காமிரா வாங்க வசதியில்லை என்று ஏங்கினோம். இன்று அது முந்தானையில் முடிந்துவைத்த சில்லறை மாதிரி எப்போதும் கூடவே இருக்கிறது. இருந்தும் எதை எடுப்பது என்று கை திகைத்து நிற்கிறது. அன்று சாயங்காலம் வரை நாங்கள் பேசிக்கொண்டிருந்ததையும், அதன் பிறகு நடந்ததையும் உங்களுக்கும் சொல்லலாமென்று தோன்றியது.

முதலில் கன்னியாகுமரியை எடுத்துக்கொள்வோம். 1970-ல் விவேகானந்தர் பாறையில் நினைவு மண்டபம் வந்தது. 2000 ஜனவரி 1 அன்று 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. இரண்டையும் இணைத்து 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அங்கே போகிறவர்கள் எல்லோரும் கரையில் அதே இடத்தில் நின்று, அதே பக்கம் பார்த்து, அதே நேரத்தில் எடுக்கிறார்கள். படங்களும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை.

ஒரு விஷயம், வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவையுங்கள். குமரிமுனையில் சூரியன் கடலுக்குள்ளேயே இறங்குவதை வருஷம் முழுக்கப் பார்க்க முடியாது. ஐப்பசியிலிருந்து மாசி வரைதான் அதற்குத் தோது. ஆனி, ஆடியில் போய் நின்றால் நிலத்துப் பக்கமாக மறைந்துவிடுவான். சித்ரா பௌர்ணமியன்று ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறு பக்கம் நிலா ஏறுவதைப் பார்க்கக் கூட்டம் நெருக்கும். அன்றைக்குக் குழந்தைகளின் கையை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் முதல் காரியம். படம் அப்புறம்தான்.

நான் அவளிடம் சொன்னது இதுதான். "அடுத்த தடவை விடியக்காலம் போனா, சூரியனுக்கு முதுகைக் காட்டிட்டு நில்லு மக்களே."

அவள் சிரித்தாள். ஆனால் யோசித்துப் பாருங்கள். சூரியன் எட்டிப் பார்த்த முதல் அரை மணி நேரம், வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்ந்து வரும். அதற்கு மஞ்சள் பூசின மாதிரி ஒரு நிறம் உண்டு. அந்த வெளிச்சம் கடலைவிட மனுஷ முகங்களில்தான் அழகாக விழுகிறது. எங்கோ வடக்கேயிருந்து ரயிலேறி வந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கைகூப்பி நிற்கும் பாட்டி; தகப்பனார் தோளில் அரைத்தூக்கத்தில் கிடக்கும் பிள்ளை; சங்கு மாலைகளைக் கையில் கோத்துக்கொண்டு, உதயத்தைத் திரும்பிக்கூடப் பாராமல் வியாபாரத்தில் கண்ணாயிருக்கும் பெண். ஆயிரம் பேர் கிழக்கே பார்க்கும்போது மேற்கே பார்க்கிற ஒருத்திக்குக் கிடைக்கிற படங்கள் இவை. முகத்தைக் கிட்டத்தில் எடுப்பதானால் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எடுங்கள். நம் முகத்தை யாராவது கேளாமல் எடுத்தால் நமக்குப் பிடிக்குமா?

நாற்பத்தெட்டு வயதில் முதல் காமிரா

புதிய யோசனை வேண்டுமானால் புதிய ஊருக்குப் போகவேண்டும், விலையுயர்ந்த காமிரா வாங்கவேண்டும் என்று ஒரு நினைப்பு நமக்கு இருக்கிறது. இது சரியில்லை என்று சொல்ல எனக்கு ஜூலியா மார்கரெட் கேமரூன் அம்மையாரின் கதை உதவும்.

இந்த அம்மாள் 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். பிறகு இங்கிலாந்தில் வைட் தீவில் குடியிருந்தார். 48-ஆம் வயதில், 1863-ல், மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள், பொழுது போகட்டும் என்று. அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக் கோழிக்கூண்டைக் காலி செய்து ஸ்டூடியோவாக்கினார். நிலக்கரி போட்டுவைக்கும் கொட்டடியை இருட்டறையாக்கினார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காயுமுன்னே படம் எடுத்துக் கழுவியாகவேண்டும். கையெல்லாம் கறுப்புக் கறை.

படத்துக்கு ஆட்களைத் தேடி அவர் எங்கும் போகவில்லை. வீட்டு வேலைக்காரப் பெண், அக்கம்பக்கத்துக் குழந்தைகள், உறவுக்காரர்கள், விருந்தாளிகள், இவர்கள்தான். வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர் அவர் படங்களில் எத்தனையோ தடவை மாதாவாக அமர்ந்திருக்கிறார். படங்கள் தெளிவாக இல்லை, மங்கலாக இருக்கின்றன என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. இன்று உலகத்தின் பெரிய காட்சிசாலைகளில் அவை இருக்கின்றன. 1875-ல் கணவருடைய காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கே குடிவந்துவிட்டார். அங்கும் தோட்ட வேலையாட்களையும் ஊர் ஜனங்களையும் படம் பிடித்தார். 1879-ல் அங்கேயே காலமானார்.

நம் நாட்டிலும் இப்படிப் பெண்கள் இருந்திருக்கிறார்கள். சினிமா டைரக்டர் பிமல் ராயின் மனைவி மனோபினா ராயும் அவருடன் இரட்டையாகப் பிறந்த தேபலீனாவும், பன்னிரண்டு வயதில் தகப்பனார் வாங்கித் தந்த பெட்டிக் காமிராவில் தொடங்கியவர்கள். குடும்பத்தையும் நடத்திக்கொண்டு படம் எடுத்தார்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா எடுத்த ஆரம்பப் படங்கள் கணவர் பெயரில்தான் பிரசுரமாயின. 2011-ல் அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தபோது வயது 97!

இதைக் கேட்டுவிட்டு, "நம்ம வீட்டுல கோழிக்கூடுதான் இல்ல" என்றாள் அண்ணன் மகள்.

"அடுக்களை இருக்கே" என்றேன்.

வெளிச்சம் எங்கே விழுகிறது?

எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் அடுக்களைக் கூரையில் ஓர் ஓட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். அடுப்புப் புகையினூடே அதிலிருந்து கம்பம் மாதிரி ஒரு வெளிச்சம் இறங்கும். காலையில் அது அம்மியில் விழும். பத்து மணிக்குத் தண்ணீர்ச் சருவத்துக்கு வரும். மத்தியானம் சுவரோரத்துச் சுளவுக்குப் போய்விடும். என் தகப்பனாரின் வீட்டில் மணி பார்ப்பதுகூட அதை வைத்துத்தான். அந்த வெளிச்சத்தில் தேங்காய் திருவும் கையை எடுத்துப் பாருங்கள்; ஸ்டூடியோக்காரன் பத்து விளக்குப் போட்டாலும் அப்படி வராது.

கண்ணாடி ஓடு இல்லாத வீட்டுக்காரர்கள் மனம் தளரவேண்டாம். புறவாசல் நிலைப்படி போதும். கதவைத் திறந்துவைத்து, ஆளை நிலைப்படியிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி, முகத்தை வாசல் பக்கம் பார்த்திருக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் மெத்தென்று விழும். அதே ஆள் வாசலுக்கு முதுகைக் காட்டினால் முகம் கறுத்துப்போகும். அறைக்குள் எரியும் பல்பை அணைத்துவிடுங்கள். வெளி வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்தால் பாதி முகம் நீலமாகவும் பாதி முகம் மஞ்சளாகவும் வந்து தொலைக்கும். நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. வைகாசி, ஆனியில் தொடங்கும் மழையும், ஐப்பசி, கார்த்திகையில் வரும் மழையும் ஆக இரண்டும் நம் மாவட்டத்தில் பெய்வதால் மூட்டமான நாட்கள் ஏராளம். "வெயிலில்லையே" என்று வருத்தப்படாதீர்கள். முகம் எடுக்க மூட்டம்தான் விசேஷம்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். செல்போனின் காமிராக் கண்ணைத் துடைத்துவிட்டு எடுங்கள்! வெங்காயம் நறுக்கிய கை, எண்ணெய் தொட்ட கை, குழந்தைக்குப் பருப்புச்சோறு பிசைந்த கை எல்லாம் பட்டுப் பட்டு அதன்மேல் ஓர் ஏடு படிந்திருக்கும். "என் போன் பழசு, படம் மங்கலாக வருகிறது" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பருத்தித் துணியால் ஒரு துடை துடைத்தாலே போதும்.

குழந்தைகளை எடுக்கும்போது நாம் நின்றபடி எடுக்கிறோம். உச்சந்தலையும் அண்ணாந்த மூக்கும்தான் கிடைக்கின்றன. தரையில் உட்காருங்கள், அல்லது குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். "இங்க பாரு, சிரி" என்று அதட்டவும் வேண்டாம். சட்டைப் பொத்தானைத் தானே போட முயன்று நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கும் அந்த முகம் எந்தச் சிரிப்புக்குக் குறைவு? குளிக்கும் குழந்தையையும் அரைகுறை உடுப்பிலிருக்கும் குழந்தையையும் எடுத்து ஊருக்கெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பும் பழக்கம் மட்டும் கூடாது. அது நாளைக்கு யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

பன்னிரண்டு புளியமுத்து

என் தாய்மாமாவிடம் 'ஆக்ஃபா கிளிக் த்ரீ' காமிரா ஒன்று இருந்தது. ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டே படம். அதனால் மாமா ஒரு படம் எடுக்குமுன் கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வருவார். எங்களுக்குக் கால் கடுக்கும். ஆனால் அவர் எடுத்த பன்னிரண்டில் எட்டாவது இன்றைக்கும் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அதை நினைத்து அண்ணன் மகளுக்கு ஒரு விளையாட்டுச் சொன்னேன். ஒரு தம்ளரில் பன்னிரண்டு புளியமுத்தைப் போட்டு அடுக்களை மேடையில் வைத்துக்கொள். ஒரு படம் எடுத்தால் ஒன்றை வெளியே எடுத்துவிடு. வாரம் முழுவதற்கும் அவ்வளவுதான். நான்கு நாளில் தீர்ந்தால் மூன்று நாள் சும்மா இரு. சும்மா இருக்கும் நாட்களில்தான் கண் திறக்கும். "அடடா, இதை எடுத்திருக்கலாமே" என்று தோன்றுகிறதெல்லாம் அடுத்த வாரத்துக்கான யோசனை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, ஒரே பொருளைப் பிடித்துக்கொள்வது. ஒரு மாதம் முழுக்க மட்டிப்பழக் குலை ஒன்றை எடுக்கலாம். பச்சையாகத் தொங்குவது, மஞ்சளாவது, பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பிய்ப்பது, கடைசியில் காம்பு மட்டும் தொங்குவது. அல்லது வீட்டுக்கு எதிரேயுள்ள வயலை ஒரே இடத்தில் நின்று வாரத்துக்கு ஒரு படம். கன்னிப்பூ நடவிலிருந்து கும்பப்பூ அறுப்பு வரை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். தேரூர்க் குளக்கரையில் வீடிருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பறவைகள் வாசலுக்கே வரும்.

வெளியே போக முடிகிறவர்களுக்குத் தோவாளை இருக்கிறது. பூச்சந்தை விடியுமுன்னே கூடிவிடும். பூக்குவியலை எல்லோரும் எடுப்பார்கள். நீங்கள் மாலை கட்டும் விரல்களைப் பாருங்கள். அரளிப் பூக்களை மடித்து மடித்து, மணிகளைப் பதித்ததுபோல் பட்டையாகக் கட்டும் மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கட்டி முடித்த மாலையைவிடக் கட்டுகிற விரல் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்களும் அப்படித்தான்.

அம்மையின் படம்

இனிச் சொல்லப்போவது சொந்த விஷயம். சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்கிறேன்.

என் அம்மை 1991-ல் போய்விட்டாள். பதினாறாம் நாளுக்குள் சுவரில் மாட்டப் படம் வேண்டும். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். அண்ணன் கல்யாண ஆல்பத்தில் குழுப்படம் ஒன்றில் ஓரமாக நிற்கிறாள். அதுவும் யாரோ ஒரு பிள்ளையை அதட்டக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு. மாமா எடுத்த படங்களில் தேடினோம். எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்த படத்தில் பின்னால் காப்பித் தட்டு ஒன்று தெரிகிறது, ஒரு முழங்கை தெரிகிறது. அந்த முழங்கை அம்மை. அவ்வளவுதான் மொத்தம்.

அண்ணன் குழுப்படத்தை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தான். கழுத்தை நேராக்கி, கண்ணைத் திருத்தி, அம்மை வாழ்நாளில் உடுத்தியிராத பச்சைப் பட்டு ஒன்றையும் வரைந்து, பெரிதாக்கிக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் அது அம்மை இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக யாரோ ஒரு அம்மாளுக்கு மாலை போட்டுக் கும்பிட்டு வருகிறோம்.

இதை அண்ணன் மகளிடம் சொல்லிவிட்டு, "இந்த ஆறாயிரத்துல உங்க அம்மை எத்தனை இருக்கா, எண்ணு" என்றேன்.

அவள் எண்ணினாள். பதினொன்று. அதில் நாலில் மைனி கையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். மூன்றில் பேரப்பிள்ளையின் தலைக்குப் பின்னே பாதி முகம். இரண்டு, கல்யாண வீட்டில் நகை போட்டு விறைத்து நிற்கும் படங்கள். மீதி இரண்டு மங்கல். அவள் ஒன்றும் பேசவில்லை. போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மைனி லேசில் மசிகிற ஆள் இல்லை. "இந்தக் கோலத்துலயாக்கும் படம் எடுக்கா? போட்டி அங்க" என்று விரட்டினாள். முகத்தை எடுப்பதில்லை என்று ஒப்பந்தமாயிற்று. முதல் வாரத்தில் கை மட்டும். அவியலுக்குக் காய் நறுக்கும் கை, தீயலுக்குத் தேங்காய் வறுக்கும் கை, மருந்துச் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படிக்கும் கை. இரண்டாம் வாரம் முதுகு. துளசிக்குத் தண்ணீர் விடும்போது, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேய்க்கும்போது. மூன்றாம் வாரம் மைனிக்கே அலுத்துவிட்டது. மகள் போனோடு சுற்றுவதைக் கவனிப்பதையே விட்டுவிட்டாள். அப்புறம் வந்தன முகங்கள்.

விடுமுறை முடிந்து போகும்போது என் வீட்டில் இறங்கி அவற்றைக் காட்டினாள். மொத்தம் முப்பத்தாறு, மூன்று வாரம், மூன்று தம்ளர் புளியமுத்து. திருவள்ளுவரும் இல்லை, அருவியும் இல்லை. ஒரு படத்தில் மைனி அங்கணத்தில் மீன் கழுவிக்கொண்டே பூனையிடம் ஏதோ வாதாடுகிறாள். பார்த்துச் சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒன்றை இதற்குமுன் எங்கும் நான் பார்த்ததில்லை.

"இனி என்னத்த எடுக்கதுக்கு?" என்று கேட்டவளிடம் இப்போது ஒரு பட்டியலே இருக்கிறது. மாமியாரின் கொட்டப்பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது, மாமனார் வெயிலுக்குப் பயந்து நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் போடுவது, பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை ஏழரை மணிக்கு வீடு இருக்கிற இருப்பு.

எடுத்த படங்களைப் போனிலேயே விட்டுவைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 கடல் பொங்கியபோது குளச்சலிலும் மணக்குடியிலும் வீட்டோடு ஆல்பமும் போன குடும்பங்கள் எத்தனையோ. போன் விஷயத்தில் கடல் பொங்கவேண்டாம். தண்ணீர்த் தொட்டியில் ஒருதரம் விழுந்தால் போதும். வருஷத்துக்கு இருபது படமாவது பொறுக்கி அச்சுப் போடுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வேறு ஊரிலுள்ள அக்கா, தங்கை வீட்டில் கொடுத்து வையுங்கள். பின்பக்கம் மெல்லிய பென்சிலால் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். 1980-களில் எல்லோரும் ஆசையாக வாங்கிய பசைத்தாள் ஆல்பங்களில் படங்கள் ஒட்டிக்கொண்டு மஞ்சளித்து வருகின்றன. அவற்றைப் பிய்த்து எடுக்காமல் முதலில் அப்படியே போனில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரத்தில், நிழல் விழாமல், படத்துக்கு நேர் மேலே போனைப் பிடித்தால் நன்றாக வரும். உப்புக்காற்று அடிக்கிற ஊர்க்காரர்கள் ஆல்பத்தைச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல், மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் நிழலில் காற்றாட விரித்து வையுங்கள்.

அந்த முப்பத்தாறில் ஒன்றை அண்ணன் மகள் பெரிதாக அச்சுப் போட்டு அனுப்பியிருந்தாள். பொங்கலுக்கு முந்தின வாரம் நான் போனபோது மைனி அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு முன்னால் இருந்து, யாரோ கூப்பிட்டதுபோல் நிமிர்ந்து பார்க்கிற படம். வெகுநேரம் பார்த்தாள்.

"மூக்குத்தி நல்லாத் தெரியுது என்னா?" என்றாள். அப்புறம் படத்தைத் தள்ளிப் பிடித்து, "பின்னால செவுரெல்லாம் ஒரே கரி. உங்க அண்ணன்ட்ட சொல்லி வெள்ளையடிக்கணும்."